செக் கேஸில் பிடிவாரண்டாம், எந்தக் கோர்ட் என்றே தெரியவில்லை

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். முன்பு கரூரில் குடியிருந்தேன். அப்போது ஒரு ஃபைனான்ஸில் வண்டிக்கடன் வாங்கி, செக்யூரிட்டிக்கு என்று தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் கொடுத்திருந்தேன். வேலை போனதில் கடைசித் தவணைகள் நின்றுவிட்டன. வண்டியை அவர்களே எடுத்துப் போய்விட்டதால் கணக்கு முடிந்தது என்று இருந்தேன்.

போன வாரம் பழைய வீட்டு ஓனரம்மா போன் செய்தார். ஸ்டேஷனில் இருந்து ஒரு போலீஸ்காரர் என்னைத் தேடி வந்தாராம், என் பேரில் பிடிவாரண்ட் இருக்கிறது என்று சொன்னாராம். சம்மன் எதுவும் என் கைக்கு வரவில்லை. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். தேடினேன், ஒன்றும் இல்லை. கோர்ட் வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் கரூர், திருப்பூர் இரண்டிலும் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் இல்லை. அப்படியானால் வாரண்ட் நிஜம்தானா? தெரிந்தவர் ஒருவர், ஐயாயிரம் கொடுத்தால் ஸ்டேஷனிலேயே மடக்கி வைத்துவிடலாம் என்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தூக்கம் இல்லை.

கொங்குவாசி எழுதியது:

உடனே ஒரு வக்கீலைப் பிடித்து முன்ஜாமீன் போடுங்கள். அதுவரை போனை அணைத்துவிட்டு எங்காவது தள்ளி இருப்பது நல்லது.

பழைய குமாஸ்தா எழுதியது:

கொங்குவாசி சொன்ன இரண்டுமே வேண்டாம். முன்ஜாமீன் என்பது ஜாமீனில் விட முடியாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு. செக் ரிட்டர்ன் வழக்கு, அதாவது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். 'நான் பெயிலபிள் வாரண்ட்' (ஜாமீனில் விடாத பிடிவாரண்ட், சுருக்கமாக என்.பி.டபிள்யூ.) என்று தாளில் இருப்பதால் குற்றமும் ஜாமீன் இல்லாத குற்றம் என்று ஆகிவிடாது. அந்த வாரண்ட், ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவா என்று போலீஸுக்குப் போடும் உத்தரவு, அவ்வளவுதான். நீங்களே கோர்ட்டில் போய் நின்றுவிட்டால் அந்த உத்தரவுக்கு வேலை இல்லை.

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து தலை நரைத்தவன் நான். வாரண்டோடு வந்த கட்சிக்காரர்களில் ஒளிந்து திரிந்து நல்லபடியாக முடித்துக்கொண்டவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது தேடும் விஷயம். எஃப்.ஐ.ஆர். தேடினால் கிடைக்காது, ஏனென்றால் செக் கேஸில் எஃப்.ஐ.ஆரே கிடையாது. ஃபைனான்ஸ்காரர் நேராகக் கோர்ட்டில் தனிப்புகார் போடுவார். போலீஸ் உள்ளே வருவதே சம்மன், வாரண்ட் கொண்டுவரத்தான்.

அடுத்தது, நீங்கள் தேடிய ஊர். 2015-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, செக்கை வசூலுக்குப் போட்டவருக்கு, அதாவது ஃபைனான்ஸ்காரருக்கு, எந்தக் கிளையில் கணக்கு இருக்கிறதோ அந்த எல்லையில்தான் வழக்கு வரும். நீங்கள் கடன் வாங்கியது கரூராக இருக்கலாம். ஃபைனான்ஸின் கணக்கு ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ கோவையிலோ இருந்தால் வழக்கு அங்கே. உங்கள் விலாசம் கரூர் என்பதால் அந்தக் கோர்ட் வாரண்டைக் கரூர் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கும்.

இ-கோர்ட்ஸில் மாவட்டத்தோடு கோர்ட் காம்ப்ளக்ஸையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்க வேண்டும், தாலுகா ஊர்களில் இருக்கும் கோர்ட்டுகள் வேறு காம்ப்ளக்ஸில் இருக்கும். பெயர்த் தேடலில் உங்கள் பெயரை விட்டுவிட்டு ஃபைனான்ஸின் பெயரைப் போடுங்கள். உங்கள் பெயரை அவர்கள் புகாரில் என்ன ஸ்பெல்லிங்கில் எழுதினார்களோ யார் கண்டது, இனிஷியலை முன்னால் போட்டிருப்பார்கள், ஒரு எழுத்து கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அவர்கள் பெயரை அவர்கள் தப்பாக எழுத மாட்டார்கள். வருடத்தையும் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வருடமாக மாற்றிப் பாருங்கள். வழக்கு வகை என்ற இடத்தில் செக் கேஸ் பெரும்பாலும் எஸ்.டி.சி. அல்லது சி.சி. நம்பரில் இருக்கும். உள்ளே போனால் வாய்தா தேதிகள் வரிசையாக இருக்கும். தேதியைத் தொட்டால் அன்று என்ன நடந்தது என்று ஓரிரு வரி வரும். 'என்.பி.டபிள்யூ. பெண்டிங்' என்று இருந்தால் வாரண்ட் உயிரோடு இருக்கிறது. வாய்தா தேதி தாண்டிவிட்டது என்பதால் அது செத்துப்போகாது. கோர்ட் ரத்து செய்யும் வரை, அல்லது போலீஸ் நிறைவேற்றும் வரை இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 70(2), 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 72(2).

இதெல்லாம் சிரமமாக இருந்தால் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. கரூர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து வாரண்ட் பார்க்கும் காவலரிடம் கோர்ட் பெயரும் வழக்கு நம்பரும் மட்டும் கேளுங்கள். நீங்களே பேசத் தயங்கினால் வக்கீலை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தேடப்படுபவர் தானாகக் கோர்ட்டுக்குப் போனால் அவர்களுக்கும் ஒரு அலைச்சல் மிச்சம், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

அந்த ஐயாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மடக்கி வைத்த தாள் அடுத்த வாய்தாவில் மறுபடி நிமிரும்.

மல்லிகா டீச்சர் எழுதியது:

கேட்டவருக்கு வந்தது உண்மையான வாரண்ட் போலத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் கோர்ட் முத்திரையோடு ஒரு பி.டி.எஃப். வந்தது. பிறகு வீடியோ கால், யூனிஃபார்ம் போட்ட ஒரு ஆள், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டல், வழக்கை முடிக்கப் பணம். அப்படி ஒரு அரெஸ்ட் எந்தச் சட்டத்திலும் இல்லை. நிஜ வாரண்டில் கோர்ட் பெயர், வழக்கு நம்பர் இருக்கும், அதை இ-கோர்ட்ஸில் சரிபார்க்கலாம். பணம் கேட்டால் கட் செய்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

குமாஸ்தா அண்ணே, கிடைத்துவிட்டது! நாமக்கல்லில் இருக்கிறது. ஃபைனான்ஸ் பெயரைப் போட்டதும் பட்டியலே வந்தது, என்னைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள் போல. என் பெயரில் கடைசி எழுத்தே மாறியிருக்கிறது. முதலில் சம்மன் 'விலாசத்தில் இல்லை' என்று திரும்பியிருக்கிறது, பிறகு நேராக என்.பி.டபிள்யூ. அடுத்த வாய்தா வரும் மாதக் கடைசியில். அந்தத் தேதிக்கே போனால் போதுமா? போனால் அப்படியே உள்ளே வைத்துவிடுவார்களா?

பழைய குமாஸ்தா எழுதியது:

தம்பி, வாய்தா தேதி வரை காத்திருக்க வேண்டாம். வாரண்ட் ரீகால் பெட்டிஷனை, அதாவது வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் மனுவை, நடுவில் எந்த வேலை நாளிலும் போடலாம், வழக்கை முன்கூட்டி எடுக்கச் சொல்லி கூடவே ஒரு மனு போட வேண்டியிருக்கும். நாமக்கல் கோர்ட்டிலேயே பழகும் வக்கீலாகப் பாருங்கள். திருப்பூரில் இருந்து ஒருவரை அழைத்துப்போனால் அவருக்கு பெஞ்ச் கிளார்க் யார், வழக்குக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று விசாரிப்பதிலேயே பாதி நாள் ஓடிவிடும். திங்கள், செவ்வாய் என்று வார முதலிலேயே போங்கள். வெள்ளிக்கிழமை மாலை பிடிபட்டு ஞாயிறு வரை அலைந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

அன்று நடப்பது இதுதான். காலை பத்தரைக்கு முன்னாலேயே ஹால் வாசலில் இருங்கள். வக்கீல் வக்காலத்தும் ரீகால் மனுவும் உள்ளே கொடுப்பார். டவாலி உங்கள் பெயரைக் கூப்பிடுவார், தப்பான ஸ்பெல்லிங்கில்தான் கூப்பிடுவார், அதற்கும் 'இருக்கேன் ஐயா' என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் நில்லுங்கள். போனை அணைத்து வையுங்கள். மாஜிஸ்திரேட் ஏன் வரவில்லை என்று கேட்டால், 'சம்மன் கிடைக்கவில்லை ஐயா, வீடு மாறிவிட்டேன்' என்று மட்டும் சொல்லுங்கள். வண்டிக் கதை, ஃபைனான்ஸ்காரர் செய்த அநியாயம் எல்லாம் அன்று வேண்டாம், அதற்கு விசாரணையில் இடம் இருக்கிறது.

வீடு மாறியதற்கு ஆதாரம் முக்கியம். வாடகை ஒப்பந்தம், கேஸ் புக், கம்பெனி அடையாள அட்டை, தேதியோடு எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கில் ஒரு நல்ல விஷயம், நீங்கள் ஏற்கெனவே ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு வராமல் போனவர் இல்லை. அப்படிப்பட்டவர்களிடம்தான் கோர்ட் கடுமை காட்டும், பத்திரத் தொகையையும் கட்டச் சொல்லும். சம்மனே கைக்குச் சேராதவர் நிலை வேறு. முதலில் சம்மன், அதற்கு வராவிட்டால் பெயிலபிள் வாரண்ட், கடைசியில்தான் நான் பெயிலபிள் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலுக்கு இது தெரியும், மனுவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

ஜாமீன்தாரர் இரண்டு பேரைத் தயாராகக் கூட்டிப்போங்கள். கேட்காமலும் போகலாம், ஆனால் கேட்டபோது ஆள் இல்லாமல் நிற்பதுதான் ஆபத்து. அவர்கள் ஆதார், போட்டோ, வீட்டுவரி ரசீது வைத்திருக்கட்டும். சில கோர்ட்டில் வி.ஏ.ஓ. சான்றும் கேட்பார்கள், முந்தின நாளே வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கமாக வாரண்டை ரத்து செய்து, பத்திரம் வாங்கிக்கொண்டு, அடுத்த வாய்தா கொடுத்து அனுப்புவார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100-க்கும் கூப்பிடலாம். இன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஜாமீன்தாரர் தேடுவதற்காவது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பாலைவனத்தான் எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் துபாயில் இருக்கிறேன், எனக்கும் ஊரில் இதே மாதிரி ஒரு செக் கேஸ். வாரண்ட் இருந்தால் பாஸ்போர்ட் ரினியூ ஆகுமா?

பழைய குமாஸ்தா எழுதியது:

பாஸ்போர்ட் சட்டம் 6(2)-இல் இரண்டுமே இருக்கிறது, கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் மறுக்கலாம், வாரண்ட் இருந்தாலும் மறுக்கலாம். முதலில் வாரண்டை ரீகால் செய்துவிட்டு, பிறகு அதே கோர்ட்டில் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி உத்தரவு வாங்குவதுதான் வழி. நேரில் வராமல் ரீகால் கேட்டால் பெரும்பாலான மாஜிஸ்திரேட்டுகள் ஒத்துக்கொள்வதில்லை. காலாவதி ஆவதற்கு முன்னால் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும்படி பாருங்கள். எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் நேராக வக்கீல் வீடு.

நூல்கண்டு எழுதியது:

அண்ணே, நேற்று போய்வந்தேன். ரத்து செய்துவிட்டார்கள். ஜாமீன்தாரர் கேட்டார்கள், மாமாவும் கம்பெனி சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டார்கள். இனிமேல் ஸ்டேஷனில் இருந்து வர மாட்டார்கள்தானே?

பழைய குமாஸ்தா எழுதியது:

வரலாம். கோர்ட்டில் ரத்தானாலும் ஸ்டேஷனில் இருக்கும் வாரண்ட் தாள் தானாகத் திரும்பிவிடாது. ரீகால் தகவல் நாமக்கல்லில் இருந்து கரூர் போய்ச்சேர நாளாகும். உத்தரவுக்கு நகல் மனு போட்டு வாங்கி, ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள், ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். பழைய வீட்டு ஓனரம்மாவிடமும் ஒரு ஜெராக்ஸ் இருக்கட்டும்.

அப்புறம், வழக்கு இன்னும் அப்படியே நிற்கிறது. வாய்தாவுக்கு வர முடியாத நாளில் காலையிலேயே வக்கீலிடம் சொல்லி 317 பெட்டிஷன், அதாவது அன்று நேரில் வராமல் இருக்க அனுமதி கேட்கும் மனு, போடச் சொல்லுங்கள். புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு நம்பர் இப்போது 355, கோர்ட்டில் எல்லோரும் இன்னும் பழைய நம்பரைத்தான் சொல்கிறார்கள். அதைப் போடாமல் விட்டால் மறுபடி வாரண்ட், அப்போது பத்திரம் எழுதிக்கொடுத்தவர் கணக்கில் வருவீர்கள். குற்றத்தை மறுத்தால் செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வண்டியை எடுத்துப்போன தாள், கட்டிய ரசீது எல்லாவற்றையும் இப்போதே வக்கீலிடம் கொடுத்து, பேசி முடிக்கலாமா நடத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.