பாக்டீரியா காலனியின் சிவப்பு நிறமியை ஒளியைக் கொண்டு இனங்காண முடியுமா?

நொய்யல் மாணவி:
திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையில் எடுத்த மண்ணைத் தட்டில் பரப்பியதில், இரத்தச் சிவப்பான பாக்டீரியா காலனிகள் (செல் திரள்கள்) வளர்ந்துள்ளன. அந்த நிறமி, செராஷியா போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் புரோடிஜியோசின்தானா என்பதைக் காலனியைச் சுரண்டாமலேயே அறிய விரும்புகிறேன். எங்கள் துறையில் சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவி) மட்டுமே உள்ளது. சிறிது செல்களை நீரில் கலக்கி அளந்தபோது முகடு ஏதும் தெளியவில்லை. நீலப் பக்கம் ஏறிச்செல்லும் சரிவான கோடுதான் கிடைத்தது. இது ஏன்?

பெருந்துறை ஆசிரியர்:
அம்மணி, அந்தச் சரிவு பெரும்பாலும் செல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது; அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கூடும். 600 நானோமீட்டரில் கலங்கலை அளந்து வளர்ச்சியைக் கணிக்கிறோமே, அதுவும் இந்தச் சிதறலை நம்பித்தான். ஆகவே செல்களைச் சென்ட்ரிஃபியூஜில் படியவைத்து, சிறிது அமிலம் சேர்த்த மெத்தனாலில் நிறமியைக் கரைத்து, மீண்டும் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த கரைசலை மட்டும் குவெட்டில் (அளவிடும் சிறு கண்ணாடிக் குப்பியில்) ஊற்றி, 400 முதல் 700 நானோமீட்டர் வரை அளந்து பாருங்கள். பிளாங்க்காக (நிறமி இல்லாத ஒப்பீட்டுக் கரைசலாக) அதே அமில மெத்தனாலையே வைக்க வேண்டும். புரோடிஜியோசினாக இருந்தால் 535ஐ ஒட்டி ஒரு முகடு எழும். சில துளி காரம் விட்டதும் சிவப்பு மஞ்சளாக மாறி, முகடு 470 பக்கம் நகரும். 535 என்ற எண்ணைவிட இந்த நகர்வையே நான் பெரிய சான்றாகக் கொள்வேன். சிவப்பு, மஞ்சள் நிறம் தரும் மற்றொரு நிறமி வகையான கரோட்டினாய்டுகள் இப்படி நகர்வதில்லை. அவற்றுக்குப் பெரும்பாலும் நெருங்கி நிற்கும் மூன்று முகடுகள் இருக்கும்.

கோவை ஆய்வாளர்:
நொய்யல் மண் என்றதும் எனக்குச் சாயக்கழிவுதான் நினைவுக்கு வருகிறது. மண்ணிலிருந்த சாயம் செல்லில் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். புதிய நியூட்ரியன்ட் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் சத்துக் கூழில்) சில முறை மறுவளர்ப்பு செய்து, நிறம் அப்படியே நீடிக்கிறதா என்று பாருங்கள். மாக்கான்கி அகார் வேண்டாம். அதிலுள்ள நியூட்ரல் ரெட் என்ற சாயம், லாக்டோசை நொதிக்கச்செய்யும் காலனிகளைத் தானே சிவப்பாக்கிவிடும். வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். செராஷியா 37 டிகிரியில் பெரும்பாலும் நிறமற்றே வளரும்.

நொய்யல் மாணவி:
நன்றி ஐயா. நியூட்ரியன்ட் அகாரில்தான் வளர்த்தேன். சுரண்டாமல் அளக்க வழியே இல்லையா?

பெருந்துறை ஆசிரியர்:
இருக்கிறது. ஒளியிழை பொருத்திய எதிரொளிப்பு நிறமாலைமானி எங்கேனும் கிடைத்தால், வெள்ளைத் தகட்டையும் காலனி இல்லாத அகாரையும் முதலில் அளந்துகொண்டு, பிறகு காலனியின் மேல் ஒளியைப் பாய்ச்சலாம். நிறமி உறிஞ்சும் இடத்தில் திரும்பி வரும் ஒளி குறைவதால், அதில் முகட்டுக்குப் பதிலாகப் பள்ளம் தெரியும். செல்லுக்குள் இருக்கும் நிறமி, மெத்தனாலில் காட்டிய அதே இடத்தில் அதைக் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காலனியின் நடுப்பகுதி தடித்தும் ஓரம் மெலிந்தும் இருப்பதால், எல்லாக் காலனிகளிலும் நடுவிலேயே அளவெடுங்கள்.