புதுப்பிப்பு: மல்டிபிளேயர் திறக்காத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: தம்பியின் கேம் கன்சோல் கணக்கில் தனியாக விளையாடினால் எல்லாம் சரி, ஆனால் மல்டிபிளேயரை (இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடுவது) தொட்டதுமே 'இந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை' என்று வெளியே தள்ளுகிறது, சந்தாவும் காலாவதியாகவில்லை, என்ன செய்வது என்று. தீர்ந்துவிட்டது.

முதலில் ரௌட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். அதன் இணைப்பு அமைப்புகளை (போர்ட், நாட் வகை) மாற்றி, விளையாட்டை அழித்து மறுபடி இறக்கி, இரண்டு இரவுகள் வீணாயின. அப்புறம் அதே கன்சோலில் என் கணக்கில் நுழைந்து பார்த்தேன், உடனே இணைந்தது. அப்படியென்றால் கோளாறு இணையத்தில் இல்லை, கணக்கில்தான். இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும்.

காரணம் பிறந்த ஆண்டு. கணக்கு தொடங்கும்போது 2004 என்பதற்குப் பதில் 2014 என்று பதிந்திருக்கிறான், அதனால் அது சிறுவர் கணக்காகி மல்டிபிளேயரும் குரல் அரட்டையும் தானாகவே மூடிக்கொண்டன. பிழைச்செய்தி இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. தேதியை நாங்களே மாற்ற முடியவில்லை, உதவிப் பிரிவுக்கு வயதுச் சான்று அனுப்பித்தான் திருத்தினோம்.

திருத்திய பிறகும் அதே பிழைதான் வந்தது! கணக்கிலிருந்து வெளியேறி, கன்சோலை முழுதாக அணைத்து, மறுபடி நுழைந்ததும் திறந்தது.

விளையாடுபவர் உண்மையிலேயே சிறுவர் என்றால் தேதியைத் தொடாதீர்கள், பெற்றோர் கணக்கிலிருந்து மல்டிபிளேயர் அனுமதியை மட்டும் திறந்துவிடுங்கள்.