95 செவி (செவர்லே) சி1500 பின் பிரேக்: 10 இன்ச் டிரம்மா, 11 இன்ச் டிரம்மா, எப்படி கண்டுபிடிக்கறது?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம் மக்களே. என்கிட்ட 1995 செவர்லே சி1500 பிக்கப் ஒண்ணு இருக்கு, 5.7 லிட்டர் வி8, டூ வீல் டிரைவ், எக்ஸ்டெண்டட் கேப். ஏற்கனவே பல கை மாறி வந்த வண்டி. கொஞ்ச நாளா பிரேக் பெடல் ரொம்ப கீழ இறங்குது, பார்க்கிங் பிரேக்கை எவ்ளோ அழுத்தி மிதிச்சாலும் சரிவுல வண்டி நிக்க மாட்டேங்குது. சரி, முன்னாடி பேட், ரோட்டர் (பிரேக் டிஸ்க்), பின்னாடி ஷூ (டிரம்முக்குள்ள உரசற பிரேக் கட்டை), டிரம், வீல் சிலிண்டர் (ஷூவை தள்றது)னு மொத்தமா மாத்திரலாம்னு ராக்ஆட்டோ ஆன்லைன் பார்ட்ஸ் கடைல போய் பாத்தா தலை சுத்துது, அதே வருஷம் அதே எஞ்சின் குடுத்தும் பின் டிரம் 10 இன்ச்னு ஒண்ணு 11-5/32 இன்ச்னு ஒண்ணு, முன் ரோட்டர்லயும் 1 இன்ச் தடிமன்ல ஒண்ணு 1.25ல ஒண்ணு. பார்ட்ஸ் கடையில வின் நம்பரை (வண்டியோட அடையாள எண்) குடுத்து கேட்டா, எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்ங்கறாங்க. எதைப் பாத்து முடிவு பண்றது?

செவிபைத்தியம்:
வின் நம்பர்ல 10வது எழுத்து எஸ்னு இருந்தா 95 மாடல், அது மட்டும்தான் தெரியும், எந்த பிரேக் செட்டுன்னு தெரியாது. க்ளவ் பாக்ஸை திறந்து பாருங்க, உள்ள ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மூணு மூணு எழுத்தா வரிசையா கோடு (code) அச்சடிச்சிருப்பாங்க. ஆர்பிஓ கோடும்பாங்க. ஃபேக்டரியில அந்த வண்டிக்கு என்னென்ன போட்டு அனுப்பினாங்கன்னு மொத்த ஜாதகமும் அதுலதான் இருக்கு. அதுல ஜேபினு ஆரம்பிக்கறதை தேடுங்க. ஜேபி5னா முன்னாடி 1 இன்ச் ரோட்டர், பின்னாடி 10 இன்ச் டிரம், ஷூ அகலம் 2.25. ஜேபி6னா 1.25 ரோட்டர், 11.15 டிரம் (கடையில 11-5/32னு போடறது இதேதான்), ஷூ அகலம் 2.75. ஜேபி7 எட்டு நட்டு ஹெவி வண்டிக்கு வர்ற 13 இன்ச், அந்தப் பக்கமே போகாதீங்க.

இன்னொண்ணு, உங்களுது டூ வீல் டிரைவ்ங்கறதால முன் ரோட்டரும் ஹப்பும் ஒரே பீஸ், பேரிங் அதுக்குள்ளதான் உக்காரும். அதனால ரோட்டர் வாங்கறப்பவே கிரீஸ் சீலும் சேத்து வாங்கிருங்க, பேரிங்ல கீறல் ஏதாவது இருக்கான்னும் பாருங்க. கே1500 (இதே வண்டியோட ஃபோர் வீல் டிரைவ்) ரோட்டர் ஹப் மேல சொருகற டைப், ஆறு நட்டு, விலை கம்மியா தெரியுதேன்னு அதை கிளிக் பண்ணிராதீங்க.

கைமுழுக்ககிரீஸ்:
ஸ்டிக்கரை பாருங்க, ஆனா அதை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீங்க. அது 95ல ஃபேக்டரியை விட்டு வந்தப்ப இருந்த நிலவரம். அதுக்கப்புறம் யார் எதை கழட்டி எதை மாட்டினாங்கன்னு ஸ்டிக்கருக்கு எப்படி தெரியும்? நம்ம ஊர்ல பழைய சாமானை கையோட எடுத்துட்டு போய் கவுண்டர்ல வச்சு இது மாதிரி குடுங்கன்னு வாங்குவோமே, அதை விட பெரிய டெக்னாலஜி இன்னும் வரல.

வீலை கழட்டி டிரம்மை உருவுங்க. வரலன்னா பேக்கிங் பிளேட்ல (டிரம்முக்கு பின்னாடி இருக்கற தகடு) இருக்கற ஓட்டை வழியா அட்ஜஸ்டரை தளர்த்துங்க, ஷூ உள்ள போனதும் வரும். சுத்தியலால விளிம்புல அடிச்சா உடைஞ்சிரும், பாத்து. அளவை உள்பக்கம் ஷூ உரசற இடத்துல எடுக்கணும், வெளிய டேப் வச்சு அளந்தா தப்பாதான் வரும். டிரம்லயே மேக்ஸ் டயானு (அதிகபட்ச உள் விட்டம்) ஒரு நம்பர் வார்த்திருப்பாங்க, துருவை கம்பி பிரஷ்ஷால தேச்சா தெரியும், அது 10க்கு கொஞ்சம் மேலயா 11க்கு மேலயான்னு பாத்தாலே விஷயம் முடிஞ்சுது. ஷூவை பாத்தும் சொல்லிரலாம்: 11.15ல ஒரு ஷூ லைனிங் குட்டையா இன்னொண்ணு நீளமா இருக்கும், ரெண்டு ஸ்ப்ரிங்கும் மேல ஒரே ஆங்கர் பின்ல மாட்டியிருக்கும். 10 இன்ச்ல அமைப்பே வேற.

தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடிச்சு ஈரமாவே வழிச்சு எடுங்க.

ஹூஸ்டன்வாசி:
அண்ணே, நீங்க சொன்னது அப்படியே நடந்திருக்கு. ஸ்டிக்கர்ல ஜேபி6. முன் ரோட்டரை வெர்னியர்ல பிடிச்சா 1.23 கிட்ட வருது, சரியா இருக்கு. ஆனா பின்னாடி டிரம் உள்ளளவு 10 இன்ச்தான், ரெண்டு பக்கமும்! ஒரு வீல் சிலிண்டர் வேற கசிஞ்சு ஷூவெல்லாம் எண்ணெய். இப்ப என்ன பண்றது?

கைமுழுக்ககிரீஸ்:
யாரோ ஜங்க்யார்டுல இருந்து ஜேபி5 வண்டியோட பின் ஆக்சிலை பிரேக்கோட அப்படியே தூக்கி மாட்டியிருக்காங்க. அப்ப முன்னாடிக்கு ஜேபி6, பின்னாடிக்கு ஜேபி5னு தனித்தனியா ஆர்டர் போடுங்க. வீல் சிலிண்டரும் 10 இன்ச் பிரேக்குக்கு உள்ளதுதான் வாங்கணும், ஸ்டிக்கரை பாத்து வாங்கினா உக்காராது. ஒண்ணு கசிஞ்சா ரெண்டையும் மாத்துங்க. எண்ணெய் குடிச்ச ஷூவை கழுவி எல்லாம் திரும்ப போடக்கூடாது. பிரேக் ஃப்ளூயிட் டாட் 3 வகைதான் ஊத்தணும்.

பின் ஆக்சில்ல ஒரு டேக் இல்லன்னா ஸ்டாம்ப் இருக்கும், அந்த கியர் ரேஷியோவையும் ஸ்டிக்கர்ல இருக்கறதோட ஒத்துப் பாத்துருங்க, ஸ்பீடாமீட்டர் தப்பா காட்டினாலும் காட்டும்.

செவிபைத்தியம்:
இது கதையே வேற மாதிரி போகுதே 😄 முன் கேலிபரும் மாத்தறதா இருந்தா இடது வலது மாறாம மாட்டுங்க, பிளீடர் ஸ்க்ரூ மேல் பக்கமா இருக்கணும், கீழ போச்சுன்னா எவ்ளோ பம்ப் பண்ணாலும் காத்து வெளிய வராது, பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். கேலிபர் போல்ட்டுக்கு 3/8 ஆலன் பிட் வேணும், முன்னாடியே எடுத்து வச்சுக்கங்க. ரீமேன் (பழசை புதுப்பிச்ச) கேலிபர்னா கோர் சார்ஜ் (பழசை குடுத்தா திரும்ப கிடைக்கற டெபாசிட்) போடுவாங்க, பழசை தூக்கி போட்டுராம அதே டப்பாவுல வச்சு திருப்பி குடுத்துருங்க.