தினமும் தலவாக்கலை - நுவரெலியா, மாதம் இருமுறை கொழும்பு: பழைய மின்கார் தாங்குமா?

தலவாக்கலை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுத்தான், முடிவுக்கு வந்தபாடில்லை. அதனால் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறேன்.

தினமும் தலவாக்கலையிலிருந்து நுவரெலியா போய் வருகிறேன். ஒரு வழிக்கு 30 கிலோமீற்றர் வரும். மாதத்தில் இரண்டு தடவை அம்மாவைக் கொழும்புக்குக் கிளினிக் கூட்டிப் போக வேண்டும். ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழி. இப்போது ஓடுகிற கார் பெற்றோலைக் குடிக்கிறது. கையில் உள்ள காசுக்கு இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 30 கிலோவாட் மணி பெட்டரி உள்ள பழைய நிசான் லீஃப், மற்றது வேகன் ஆர் ஹைபிரிட். வீட்டுக்காரர் வேகன் ஆர் கட்சி. எனக்கு லீஃப் மேல் ஆசை. சொந்த வீடு, போர்ச்சில் 15 அம்பியர் பிளக் இருக்கிறது. மலையில் ஓட்டுகிறவர்கள் மட்டும் சொல்லுங்கள். சமதரையில் ஓட்டிவிட்டு உபதேசம் பண்ண வர வேண்டாம்.

கம்பளை கராஜ்:
டீச்சர், கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்காரர் சொல்றதக் கேளுங்க.

போன வருஷம் ஒருநாள் ராத்திரி 9 மணி இருக்கும், புசல்லாவைக்கு மேல இருந்து கோல் வருது. மின்கார்ல குடும்பத்தோட வந்தவங்க டீ குடிக்க நிப்பாட்டி இருக்காங்க, திரும்ப வந்து ஸ்டார்ட் பட்டன அமத்தினா வண்டி பேச்சுமூச்சு இல்ல. நல்ல மழை வேற. போய்ப் பாத்தா பெரிய பெட்டரியில 60 வீதம் கிடக்கு. செத்தது மூலையில இருக்கிற 12 வோல்ட் குட்டி பெட்டரி. அது இல்லாட்டி பெருசு கண்ணே முழிக்காது. ஒரு ஆட்டோவ மறிச்சு, அதோட பெட்டரியில வயர் குடுத்து எழுப்பி விட்டேன். ஆட்டோக்காரன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அது லேசான கேஸ். உள்ளுக்குள்ள ஏதும் போயிருந்தா? கயிறு கட்டி இழுக்கவும் ஏலாது, முன் சில்லு ரோட்டுல உருண்டா மோட்டாரும் சேர்ந்து சுத்தும். வண்டிய மேல ஏத்திட்டுப் போற தட்டு லொறிதான் வரணும். அந்த நேரத்துல றம்பொடை ரோட்டுல தட்டு லொறிக்கு எங்க போவீங்க?

நானுஓயா மூடுபனி:
அண்ணே, 12 வோல்ட் பெட்டரி செத்தா உங்க பெற்றோல் காரும்தான் ஸ்டார்ட் ஆகாது. அத மட்டும் மின்கார் கணக்குல எழுதுறது என்ன நியாயம்? தட்டு லொறி விஷயம் சரி, ஒத்துக்கிறேன்.

டீச்சர், நான் 40 கிலோவாட் மணி லீஃப் வெச்சிருக்கேன். மூணு வருஷமா இதே ரோட்டுலதான் ஓட்டுறேன். மலைன்னு சொன்னதுமே எல்லாருக்கும் ஒரு பயம். கணக்கப் போட்டுப் பாருங்க. ஆளுங்களோட வண்டி 1,700 கிலோன்னு வைங்க. தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர் உயரத்துல இருக்கு, நுவரெலியா 1,868. அந்த 670 மீற்றர் தூக்குறதுக்கு 3 யூனிட்டும் கொஞ்சமும் போகும் (ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட் மணி). ரோட்டுல உருள 4 யூனிட். ஆக ஏறுறதுக்கு 7. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டரா மாறி, தூக்கினதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கத் திருப்பித் தருது. எனக்கு இறக்கத்துக்குக் காட்டுறது 2 யூனிட்தான். போய்வர 9. லீற்றருக்கு 13 ஓடுற பெற்றோல் கார்ல இதுக்கு நாலரை லீற்றர் வேணும்.

இன்னொண்ணு. உசரம் போகப் போகக் காத்து மெலிஞ்சிடும். டர்போ இல்லாத எஞ்சின் நுவரெலியாவுல தன் பலத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கக் கீழயே விட்டுட்டுத்தான் வரும். மோட்டாருக்குக் காத்து எதுக்கு? அதோட பிரேக். ரதெல்ல குறுக்குப் பாதையில 2023 ஜனவரியில பஸ் வேன்ல மோதின விபத்த இங்க யாரும் மறந்திருக்க மாட்டோம். கால எடுத்தாலே வண்டி தானாப் பிடிச்சுக்குது. மூணு வருஷத்துல நான் இன்னும் பிரேக் பேட் மாத்தல.

கம்பளை கராஜ்:
தம்பி, பாதியைச் சொல்லிட்டு பாதியை முழுங்குறீங்க. நுவரெலியாவுல 100 வீதம் ஏத்திட்டு இறங்கிப் பாருங்க. பெட்டரியில இடமில்ல, மோட்டார் பிடிக்கிறது எங்க போய்ச் சேரும்? முதல் வளைவுலயே வண்டி வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். பழகாதவங்க பயந்துருவாங்க.

நானுஓயா மூடுபனி:
உண்மைதான். அதனாலதான் மேல சார்ஜ் போட்டா 80ல நிப்பாட்டிடுவேன். டீச்சருக்கு அந்தப் பிரச்சினை வராது. வீடு கீழ இருக்கு, ஏறித்தான் போறாங்க. திரும்பி வரும்போது பெட்டரியில இடம் இருக்கும்.

ஹயர் வேன்:
நான் 18 வருஷமா டீசல் வேன். ஹட்டன்ல இருந்து கட்டுநாயக்காவுக்கு வாரத்துல மூணு ஹயர். கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ மின்கார்காரங்க என்ன செஞ்சீங்க? எங்க பக்கம் ஆறு நாள் கரண்ட் இல்ல. மண் சரிஞ்சு மெயின் ரோடும் இல்ல. தோட்டத்து ரோட்டால சுத்திச் சுத்தி ஒரு பிள்ளைத்தாச்சிய ஆஸ்பத்திரியில சேர்த்தேன். கான்ல 20 லீற்றர் டீசல் இருந்துச்சு. கரண்டக் கான்ல ஊத்தி வைக்க முடியுமா?

நானுஓயா மூடுபனி:
அன்னைக்கு என் வண்டியில 70 வீதம் இருந்துச்சு. ரோடு இல்லாததால நகரல, அவ்வளவுதான். போன் சார்ஜ் பண்ண அக்கம்பக்கத்து ஆளுங்க வரிசையா வந்து கார்ல உக்காந்தாங்க.

நீங்க டித்வா சொன்னா நான் 2022 சொல்வேன். ஜூன் கடைசியில 92 ஒக்டேன் 470 ரூபா. காசு இருந்தும் பெற்றோல் இல்ல. பெற்றோல் செட்டுக்கு முன்னால வண்டிக்குள்ளயே தூங்கி எழும்பினோம், பிறகு கியூஆர் கோட் வந்து அளந்து குடுத்தாங்க. கான்ல பிடிச்சு வைக்கவும் விடல.

ஹயர் வேன்:
அதே 2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அத மறந்துட்டீங்களா? 2025 பெப்ரவரி 9ல பாணந்துறை கிரிட்ல ஒரு குரங்கு ஏறி நாடே இருட்டாச்சு. பெற்றோல் செட்டக் குரங்கு மூடினதா நான் கேள்விப்படல.

பண்டாரவளை அக்கா:
குரங்கை விடுங்க. என்னிடம் இருப்பது 60 கிலோவாட் மணி புதுக் கார். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் வந்தோம். கண்டியிலிருந்து ஏ9 மட்டும் 321 கிலோமீற்றர், வழியில் ஒரு தடவை சார்ஜ் போட்டோம், சாப்பிட்டு முடிக்கச் சரியாக இருந்தது. ஆனால் டீச்சர் வாங்கப் போவது அதில் பாதிப் பெட்டரி உள்ள பழைய வண்டி. என் கதையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

தலவாக்கலை டீச்சர்:
நன்றி அக்கா, அதைத்தான் கேட்க வந்தேன். மூடுபனி தம்பி, தினசரி ஓட்டம் புரிந்தது. கொழும்புக்கு என்ன கணக்கு? வண்டி பார்த்த இடத்தில், பெட்டரி நலம் காட்டுகிற 12 கட்டையில் 11 இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள்.

நானுஓயா மூடுபனி:
ஒரு கட்டைதானே போயிருக்குன்னு நினைக்காதீங்க டீச்சர். லீஃப்ல முதல் கட்டை விழும்போதே 15 வீதம் போயிருக்கும். அதுக்கப்புறம்தான் ஆறு ஆறா இறங்கும். பெட்டரிக்குக் குளிரூட்டி இல்லாத வண்டி அது, வெக்கையில கிடந்தா தேயும். கொழும்புல ஓடினதா, மலையில ஓடினதான்னு கேளுங்க. நம்ம குளிர் அதுக்கு ஒத்துப்போகும்.

80 வீதம் நலம்னு வைங்க, ஓட்டக் கிடைக்கிறது 22 யூனிட் மாதிரி. தலவாக்கலையில இருந்து கொழும்பு சுமார் 140 கிலோமீற்றர். இறக்கம்ங்கிறதால 16 யூனிட்ல போய்ச் சேர்ந்திடுவீங்க. திரும்பி வர 25 வேணும், கொழும்புல முழுசா ஏத்திட்டுக் கிளம்பினாலும் காணாது. கித்துல்கலை தாண்டினா ஹட்டன் வரைக்கும் ஆயிரம் மீற்றருக்கு மேல ஏத்தம், அதுவும் பெட்டரி பாதி காலியான பிறகு. அவிசாவளைக்கு இங்கிட்டு வர்றதுக்குள்ள ஒரு தடவை வேகச் சார்ஜ் போட்டே ஆகணும். அரை மணி நேரம்.

கம்பளை கராஜ்:
அரை மணின்னு சும்மா சொல்லக் கூடாது. சார்ஜர் இருந்தா, அது வேலை செஞ்சா, முன்னால ஆள் இல்லாட்டி, அரை மணி. ஏப்ரல் சீசன்ல நுவரெலியாவுக்கு ஏறுற கூட்டத்தக் கண்டிருப்பீங்க. அதோட லீஃபுக்கு வேகச் சார்ஜ் பிளக் சாடிமோங்கிற தலை. இப்ப புதுசா இறங்குற காருக்கு சிசிஎஸ் 2ங்கிற வேற தலை. போய் நின்ன பிறகு தலை பொருந்தலன்னா? கிளினிக்ல காலையில இருந்து பசியோட உக்காந்த அம்மாவப் பின் சீட்டுல வெச்சிக்கிட்டு இந்த ஆராய்ச்சி தேவையா?

நானுஓயா மூடுபனி:
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல அண்ணே. கொழும்புக்கு இந்த வண்டியில போகாதீங்க டீச்சர்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை:
யூனிட் யூனிட் என்கிறீர்களே, பில்லை யாராவது பார்த்தீர்களா? காருக்குள் 9 என்றால் சுவரில் 10 இழுக்கும், சூடாகப் போகிற நட்டம் இருக்கிறது. 22 வேலை நாளுக்கு 220. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, 180ஐத் தாண்டினால் கடைசிப் படி. இதுவரை 90க்குள் அடங்கிய வீடு ஒரே மாதத்தில் 300க்குப் போகும். பெற்றோலை விட மலிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் பில்லைப் பார்த்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்வார்.

நேரத்துக்கு ஏற்ற கட்டண முறை ஒன்று இருக்கிறது. இரவு 10.30க்குப் பிறகு காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை கை வைக்கக் கூடாது. உங்கள் இணைப்புக்குத் தருவார்களா என்று ஏரியா மின்சார ஒபிஸில் முதலில் கேளுங்கள். ஏழு மணித்தியாலத்தில் 15 அம்பியர் பிளக்கால் 20 யூனிட் ஏறும், உங்களுக்குப் பாதி போதும். அந்தப் பிளக்குக்குத் தனி வயர் இழுத்திருக்கிறதா, எர்த் சரியா என்பதையும் பாருங்கள். ஹீட்டருக்குப் போட்ட பழைய பிளக் ராத்திரி முழுக்க சார்ஜ் ஓடினால் உருகிப்போகும்.

லயத்துப் பையன்:
எல்லாரும் ஏத்தம் இறக்கம்னு சண்டை போடுறீங்க. டீச்சருக்குப் போர்ச் இருக்கு. எங்களுக்கு?

நான் ரெண்டு வருஷமா கரண்ட் ஸ்கூட்டர் ஓட்டுறேன். எங்க லயம், தோட்டம் குடுத்த வரிசை வீடுங்க, ரோட்டுக்குக் கீழ, 84 படி. ஸ்கூட்டரக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட நிப்பாட்டிட்டு, 12 கிலோ பெட்டரியக் கழட்டித் தோளுல வெச்சு இறங்குவேன். காலையில திரும்பத் தூக்கிட்டு ஏறுவேன். மழை நாள்ல உரச்சாக்கால மூடிக்கணும். வீட்டுல பிளக்கு ரெண்டு. ஒண்ணுல ரைஸ் குக்கர், ஒண்ணுல என் பெட்டரி. பொழுதுபட எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல லைட்டு, டிவி, ஹீட்டர். பல்ப் சிவப்பாப் போயிடும். சார்ஜர் பத்து மணி வரைக்கும் சும்மாதான் கிடக்கும்.

ஏத்தமும் சொல்றேன். தனியாப் போனா பிரச்சினை இல்ல. அம்மாவ வெச்சிக்கிட்டு கோயில் ஏத்தத்துல போனா, நடந்து போற கொழுந்துக்காரங்க எங்களத் தாண்டிப் போய்த் திரும்பிப் பாத்துச் சிரிப்பாங்க. கடைசி வளைவுல அம்மா இறங்கிருவாங்க. ஆனா டவுனுக்கு ஆட்டோவுக்குக் குடுத்த காசு கையில நிக்குது. விக்க மாட்டேன்.

கம்பளை கராஜ்:
12 கிலோவத் தூக்கிட்டு 84 படி! தம்பி, உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

ஹயர் வேன்:
கரண்டு எடுக்குற தண்ணியெல்லாம் நம்ம மலையில இருந்துதான் போகுது. காசல்ரீ, மவுசாகலை, லக்ஷபான, இப்ப தலவாக்கலையிலயே மேல் கொத்மலை 150 மெகாவாட். பல்ப் சிவப்பா எரியிறது மட்டும் நம்ம லயத்துல.

தலவாக்கலை டீச்சர்:
உண்மை. எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படியான வீட்டிலிருந்துதான் வருகிறார்கள்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஒரு வழிக்கு வந்திருக்கிறார். லீஃப் வாங்கலாமாம், ஆனால் பழைய காரை விற்கக் கூடாதாம், கொழும்புக்கு அதுதானாம். எனக்கும் சரியாகத்தான் படுகிறது. கராஜ் அண்ணன், சனிக்கிழமை வண்டியைக் கொண்டு வருகிறார்கள். நீங்கள் வந்து பார்க்க முடியுமா? வேண்டாம் என்று சொன்ன ஆள் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

கம்பளை கராஜ்:
வர்றேன் டீச்சர். மூடுபனி தம்பி, பெட்டரி நலம் வாசிக்கிற அந்தச் சின்ன கருவி இருக்குமே, அதையும் எடுத்துக்கிட்டு வாங்க. கட்டைய நம்ப வேண்டாம், நம்பரப் பாப்போம். ரெண்டு பேருமா நானுஓயா ஏத்தம் வரைக்கும் ஒரு தடவை ஏத்தி இறக்கிப் பாத்திடுவோம். 80க்குக் கீழ இருந்தா விலையக் கொறைக்கணும், 70க்குக் கீழன்னா டீ குடிச்சிட்டுத் திரும்பிருவோம். பழைய கார சேர்விஸுக்குக் கொண்டு வாங்க, கிளட்ச் சத்தம் போடுதுன்னு நீங்க போன தடவையே சொன்னீங்க.

நானுஓயா மூடுபனி:
காலையில 8 மணிக்கு நிக்கிறேன்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை:
லயத்துத் தம்பி, மடுவத்துக்குப் பக்கத்தில் கூரை போட்ட இடம் இருக்கிறதல்லவா? உன்னைப் போல் நாலு பேர் சேர்ந்து அங்கே ஒரு மீற்றர் எடுத்தால் படியாவது மிச்சம்.

லயத்துப் பையன்:
கேட்டுப் பாத்தோம் சேர். இடம் யார் பேர்லன்னு கேட்டாங்க.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை:
நீ என்ன சொன்னாய்?

லயத்துப் பையன்:
என்ன சொல்ல? எங்க வீடே யார் பேர்லன்னு உங்களுக்குத் தெரியாதா. பெட்டரியத் தூக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.