சுலோசன முதலியார் பாலத்தில் பார்த்த ஆச்சி: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

மீனாட்சிபுரத்துக்காரன்:
2023 டிசம்பர் வெள்ளம். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீருக்குள் கிடந்த வாரம். மழை விட்டிருந்தது, தாமிரபரணி ஆறு இறங்கவில்லை. ஆற்றின் மேலிருக்கும் சுலோசன முதலியார் பாலத்தில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆச்சி, கையில் தூக்குவாளியோடு வந்தார். "ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு இப்படியே நடந்து போயிரலாமா தம்பி? மகளுக்குக் கஞ்சி." "போகலாம் ஆச்சி" என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்ச தூரம் போய் நின்றார். கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. "நடுங்குதுய்யா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பைக் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. கொண்டுபோய் விட்டிருந்தால் பத்து நிமிஷம்.

டவுன் பூக்கடை:
எல்லோரும் ஆற்றுப் பாலத்தையே பேசுகிறீர்கள். எங்களுக்குச் சோறு போட்டது ஈரடுக்கு மேம்பாலம். 1973இல் திறந்தது. மேலே பஸ், லாரி. கீழ்த்தட்டில் எங்களை மாதிரி சைக்கிளும் நடையும். அப்பா பூக்கூடையைக் கேரியரில் கட்டி வருவார். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஒருநாள் நான் இறங்கித் தள்ள, திடீரென்று சைக்கிள் லேசானது. பார்த்தால் பக்கத்தில் இன்னொரு கை, விரலெல்லாம் சுண்ணாம்பு. மேலே ஏறியதும் அவர் தன் வழியில் போய்விட்டார். முகம் மறந்துவிட்டது, அந்த விரல்கள் மறக்கவில்லை.

ஓவர்சியர் (ஓய்வு):
பூக்கடைத் தம்பி, ஈரடுக்குப் பாலம் தண்டவாளத்தைத் தாண்டக் கட்டியது. அதையும் ஆற்றுப் பாலத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறந்தது, 11 வளைவுகள். ஜனங்களிடம் காசு வாங்கக்கூடாது என்று மனுஷன் சொந்தக் காசைப் போட்டார். அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

1992 நவம்பர் வெள்ளத்தில் நான் கரையில் நின்றவன். வேரோடு ஒரு மரம் வந்து தூணில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவுதான் என் கதை.

மீனாட்சிபுரம் தம்பிக்கு: வண்டி போனாலே பாலம் அதிரும், அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு. வேகமான தண்ணீர் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமண்ணை அரித்துவிடும். மேலே பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் வெள்ளத்தில் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். அடைத்துக்கொண்ட மரம், குப்பையை உடனே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தண்ணீர் தள்ளும் வேகம் அதில்தான் கூடும். வெள்ளம் வடிந்ததும் அடித்தளத்தைப் பார்த்தார்களா என்று மனுக் கொடுங்கள். அப்புறம் கட்டுமான இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று. சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுக்கவேண்டும், மேலே வெட்டினால் திரும்பத் தழைக்கும். புதுப்பாலம் பக்கத்திலேயே வந்துவிட்டது என்று பழையதைக் கைவிடக்கூடாது.

செல்லூர் அக்கா:
அண்ணாச்சி, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. அந்தத் தம்பி கேட்டது அஸ்திவாரத்தைப் பற்றி இல்லையே.

எனக்கு மதுரையில் வைகைமேல் இருக்கும் ஏ.வி. பாலம். அழகர் ஆற்றில் இறங்கும் நாள், கூட்டத்தில் என் ஐந்து வயது மகன் கைவிட்டுப் போனான். கத்திக்கொண்டே தேடுகிறேன், எங்கும் தலைகள். தூரத்தில் ஒரு பெண் அவனைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள், அம்மா பார்க்கட்டும் என்று. அவள் கொண்டுவந்த சர்க்கரைச் சொம்பு அவன் கையில். நான் போய்ப் பிள்ளையை வாங்குவதற்குள் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. சொம்பு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வருஷா வருஷம் அதில்தான் சர்க்கரை கொண்டுபோகிறேன், அவள் கண்ணில் படுமா என்று.

மீனாட்சிபுரத்துக்காரன்:
அக்கா, அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை. ஆச்சி அதில் இல்லை, ஆறு மட்டும்தான். ஆனால் "மகளுக்குக் கஞ்சி" என்பது கேட்கிறது. அதற்கு அப்புறம் என் குரல்.