ஸ்குவாட்டுக்கு முன்னாடி ஸ்ட்ரெட்ச் பண்ணா ஸ்ட்ரென்த் குறையுமா?

கேள்வி:
லெக் டே அன்னிக்கு ஸ்குவாட்டுக்கு (தோள்ல பார் வச்சு உக்காந்து எழற பயிற்சி) முன்னாடி கீழ உக்காந்து ஹாம்ஸ்ட்ரிங் (பின் தொடை), குவாட்ஸ் (முன் தொடை), ஹிப்னு (இடுப்பு) ஒவ்வொன்னையும் ரெண்டு நிமிஷம் இழுத்துப் பிடிச்சுட்டுதான் ஆரம்பிப்பேன். உடம்பு நல்லா வளையுது, ஆனா முதல் செட்லயே வெயிட் கனமா தெரியுது. கூட வர்ற ஃப்ரெண்டு வார்ம் அப்பே வேண்டாம், பலம் போயிடும்ங்கறான். எதை விடறது?

பதில் 1:
வார்ம் அப்பை மட்டும் விட்டுடாதீங்க ப்ரோ. நீங்க பண்றது ஸ்டேட்டிக் ஸ்ட்ரெட்ச், அதாவது அசையாம இழுத்துப் பிடிக்கறது, அது வேற. வார்ம் அப்ல முக்கியமே தசையோட சூடு ஏர்றதுதான். சும்மா இருக்கும்போது கால் தசை உடம்போட உள்சூட்டை விட கம்மியாதான் இருக்கும், அஞ்சு பத்து நிமிஷம் சைக்கிளோ லேசான ஓட்டமோ போனா ரத்த ஓட்டம் கூடும், நரம்புல சிக்னல் வேகமா போகும், தசை சட்டுனு சுருங்கும், ரத்தத்துல இருக்கற ஆக்ஸிஜனும் தசைக்கு ஈஸியா கிடைக்கும். தசைச் சூடு 1 டிகிரி செல்சியஸ் ஏறினா பவர் 2லேர்ந்து 5 சதவீதம் வரைக்கும் கூடுதுன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. ஜம்ப், ஸ்பிரிண்ட்ல இது இன்னும் நல்லா தெரியும்.

பதில் 2:
ஃப்ரெண்டு சொல்றதுல பாதி சரி. ஒரே தசையை 60 செகண்டுக்கு மேல அசையாம இழுத்துப் பிடிச்சா அடுத்த கொஞ்ச நேரத்துக்கு ஸ்ட்ரென்த் சில சதவீதம் குறையும், ஏன்னா நரம்பு அந்த தசையை முழுசா வேலை வாங்காது. 20, 30 செகண்டோட விட்டா அந்தக் குறைவு கண்டுக்கவே வேண்டாத அளவுதான். அப்புறம் உடனே வளையுதே, அதுக்காக தசை நீளமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் இழுவையை தாங்கிக்கற அளவுதான் கூடியிருக்கு. நிரந்தரமா வளையணும்னா வாரக்கணக்கா விடாம பண்ணணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஆனா ஹிப் டைட்டா இருக்கு, ஸ்ட்ரெட்ச் பண்ணலன்னா கீழ முழுசா இறங்க முடியலையே?

பதில் 2:
அப்படின்னா ஹிப்புக்கு மட்டும் பண்ணுங்க, ஆனா சைக்கிள் முடிச்சு உடம்பு சூடானப்புறம், அதுவும் 30 செகண்ட் போதும். அதுக்கு அடுத்து லெக் ஸ்விங் (நின்னுக்கிட்டே காலை வீசறது), வாக்கிங் லஞ்ச் (நீளமா அடி வச்சு முட்டியை மடக்கி நடக்கறது), வெயிட் இல்லாம பத்து ஸ்குவாட். பிறகு வெறும் பார், பாதி வெயிட்ல அஞ்சு தடவை, முக்கால் வெயிட்ல ரெண்டு மூணு தடவை, அதோட மெயின் செட். இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றேன், கடைசியா சொன்ன இந்த வார்ம் அப் செட்டைத்தான் நிறைய பேர் ஸ்கிப் பண்றாங்க, ஆனா தூக்கப் போற அசைவையே லேசா பழக்கறது இதுதான். மூச்சு வாங்கற அளவுக்கு போயிடாதீங்க, களைப்பு வந்தா கூடின பலம் அதுலயே போயிடும்.

பதில் 3:
வார்ம் அப் முடிச்சுட்டு போன் பாத்துக்கிட்டு கால் மணி நேரம் உக்காந்துடாதீங்க, ஏறின சூடு அதுக்குள்ள நல்லாவே இறங்கிடும். அந்த ரெண்டு நிமிஷ ஸ்ட்ரெட்ச்சை ஒர்க்கவுட் முடிஞ்சதும் பண்ணுங்க.