அக்கா வீட்டுச் சமையலறை: குடும்பக் குழுவில் இரண்டு நாள் (அக்கா இருப்பது அமெரிக்காவின் கலிபோர்னியாவில்; நேரங்கள் எல்லாம் இந்திய நேரப்படி)

ஞாயிறு

காலை 8:40
அக்கா (சான் ஹோசே): எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று இருக்கிறோம். தரைக்கு டைல்ஸ் பதித்து, மேடைக்குக் கிரானைட் போட்டு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் வீடு விசாலமாகிவிடும். பெரியப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஆளை அழைக்க வேண்டும் என்று அத்தான் சொல்கிறார்.

காலை 8:52
பெரியப்பா (திருச்சி): அம்மாடி, மேலே என்ன போடலாம் என்பது இருக்கட்டும். அந்த வீடு எதன்மேல் நிற்கிறது என்பதை முதலில் சொல்.

காலை 9:05
அத்தான் (சான் ஹோசே): மாமா, இது 1984இல் தொழிற்சாலையில் செய்து, இரண்டு பாதியாக இரண்டு லாரிகளில் ஏற்றிவந்து, இங்கே நடுவில் இணைத்த வீடு. ஒவ்வொரு பாதிக்கும் அடியில் நீளவாக்கில் இரும்பு உத்திரங்கள் உண்டு. அவற்றைக் கான்கிரீட் பிளாக் அடுக்குகளின்மேல் வைத்து, இடையில் மர ஆப்புகளை அடித்து மட்டம் பிடித்திருக்கிறார்கள். நாம் சொல்லும் அஸ்திவாரம் கிடையாது. சுற்றிலும் தகடு அடித்து அடிப்பகுதியை மறைத்திருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாதாரண வீடு போலவே தெரியும். மண் எங்களுடையது அன்று. மாதாமாதம் மனை வாடகை கட்டுகிறோம்.

காலை 9:07
அம்மா: மண் வாடகைக்கு, வீடு சொந்தம். அதற்குக் கிரானைட் வேறா?

காலை 9:15
பெரியப்பா (திருச்சி): கிரானைட்டைப் பிறகு பேசுவோம். தரையில் நடக்கும்போது எங்கேனும் கால் அமிழ்கிறதா? கதவுகள் எல்லாம் ஒழுங்காகச் சாத்துகின்றனவா?

காலை 9:21
அக்கா (சான் ஹோசே): குளியலறை வாசலில் ஓரிடம் மெத்தை போல அமுங்கும், பெரியப்பா. பின்கதவை மூன்று மாதமாக இடித்துத்தான் சாத்துகிறேன். மழைக்காலத்தில் மரம் உப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை 9:30
பெரியப்பா (திருச்சி): மரம் உப்பினால் வெயிலில் சரியாகியிருக்கும். கதவுச் சட்டம் கோணிக்கொண்டால்தான் மூன்று மாதம் இடிக்கும். நாளை பகல் வெளிச்சத்தில் மாப்பிள்ளை அடியில் போய்ப் பார்த்துப் படம் அனுப்பட்டும். அதுவரை டைல்ஸ் கடைப் பக்கம் யாரும் போக வேண்டாம்.

திங்கள்

அதிகாலை 1:20
அத்தான் (சான் ஹோசே): [6 படங்கள்] ஒரு மணி நேரம் தவழ்ந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்தேன். வீட்டின் அடிவயிற்றை மூடியிருக்கும் கறுப்பு விரிப்பு, குளியலறைக்குக் கீழே தண்ணீர்ப் பை போலத் தொங்குகிறது. அதைக் கிழித்ததும் ஒரு வாளி அளவுக்குத் தண்ணீர் கொட்டியது. உள்ளே இருந்த கண்ணாடிப் பஞ்சு முழுவதும் நனைந்து கிடக்கிறது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாயின் இணைப்பு ஒன்றிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. நடு இணைப்புக்குக் கீழே இருக்கும் பிளாக் அடுக்குகளில் இரண்டு மண்ணில் புதைந்து சாய்ந்திருக்கின்றன. இவை போதாதென்று, துணி உலர்த்தும் இயந்திரத்தின் ஈரக் காற்றுக் குழாயை முன்பு இருந்தவர்கள் வெளியே கொண்டுவராமல் வீட்டுக்கு அடியிலேயே விட்டிருக்கிறார்கள்.

அதிகாலை 5:10
பெரியப்பா (திருச்சி): படங்களை இரண்டு முறை பார்த்தேன். அந்தச் சாம்பல் குழாய் எந்தப் பொருளில் ஆனது?

அதிகாலை 5:34
அத்தான் (சான் ஹோசே): பாலிபியூட்டிலீன், மாமா. 1978 முதல் 1995 வரை இந்த ஊர் வீடுகளில் ஏராளமாகப் போட்டார்கள். தண்ணீரில் இருக்கும் குளோரின் உள்ளிருந்தே அதை நொறுங்கவைக்கிறது. ஓரிடத்தை அடைத்தால் அடுத்த இணைப்பு விடும் என்பதால், முழுவதையும் எடுத்துவிட்டுப் பெக்ஸ் என்னும் வேறு வகைப் பிளாஸ்டிக் குழாய் போடச் சொல்கிறார்கள்.

காலை 6:02
பெரியப்பா (திருச்சி): அப்படியானால் அதுதான் முதல் செலவு. கசிவு நின்று, அடியில் நன்றாகக் காய்ந்த பிறகு பிளாக் அடுக்குகளைச் சரிசெய்யுங்கள். ஜாக்கியை இரும்பு உத்திரத்தின்கீழ், தடித்த மரத்துண்டு வைத்துத்தான் கொடுக்க வேண்டும்; தரைச் சட்டத்தின்கீழ் கொடுத்தால் அது பிளந்துவிடும். ஒரே மூச்சில் தூக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒவ்வொரு முறையும் எரிவாயுக் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இழுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும்போது அதன் அடியில் மனிதர் யாரும் படுக்கக் கூடாது. ஆகவே, மாப்பிள்ளை, இதை நீங்களே செய்து பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

காலை 6:15
நான் (கோவை): பெரியப்பா, அங்கே மட்டம் எப்படிப் பார்ப்பார்கள்? லேசர் கருவியா?

காலை 6:20
அத்தான் (சான் ஹோசே): லேசரும் உண்டு. ஆனால் நான் விசாரித்தவர் தண்ணீர் நிரப்பிய நீண்ட டியூபை எடுத்து வருவதாகச் சொன்னார்.

காலை 6:22
பெரியப்பா (திருச்சி): நம்முடைய கொத்தனாரின் டியூப் மட்டமேதான்! அந்த ஆளையே அமர்த்துங்கள்.

காலை 7:05
அக்கா (சான் ஹோசே): குளியலறைத் தரையை என்ன செய்வது, பெரியப்பா? மேலே ஒரு பலகையை அடித்துவிட்டால் போதாதா?

காலை 7:26
பெரியப்பா (திருச்சி): போதாது. படத்தில் தெரிவது மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு. தேநீரில் விழுந்த பிஸ்கட் போல ஒருமுறை ஊதிவிட்டால் மறுபடி இறுகாது. காய்ந்த பகுதி தென்படும்வரை வெட்டி எடுத்து, சட்டங்களுக்கு இடையே குறுக்குக் கட்டை கொடுத்து, அதே கனமுள்ள பிளைவுட்டைப் பதிக்க வேண்டும்.

காலை 7:41
அத்தான் (சான் ஹோசே): அதில் ஒரு சிக்கல், மாமா. தொழிற்சாலையில் தரை முழுவதையும் முதலில் பரப்பிவிட்டு அதன்மேல்தான் சுவர்களை நிறுத்துகிறார்கள். சுவருக்குக் கீழேயும் அதே பலகை ஓடுகிறது.

காலை 7:50
பெரியப்பா (திருச்சி): சுவரை ஒட்டி வெட்டுங்கள், சுவருக்குக் கீழே ஊறியிருந்தால் பக்கத்தில் கட்டை கொடுத்துத் தாங்கிய பிறகே அதை எடுங்கள். கறுப்பு விரிப்பையும் பஞ்சையும் கடைசியில்தான் மூட வேண்டும். அதற்கு முன் வெற்று மண்ணின்மேல் கனமான பாலிதீன் தாளை விரித்துவிட்டால் மண்ணின் ஓதம் மேலே ஏறாது. துணி உலர்த்தியின் குழாயை இந்த வாரமே வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அது ஒரு மணி நேர வேலை.

காலை 8:10
அக்கா (சான் ஹோசே): சுவரை எடுப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.

காலை 8:19
பெரியப்பா (திருச்சி): அந்தச் சுவர் இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் இருக்கிறதா?

காலை 8:24
அக்கா (சான் ஹோசே): ஆமாம், சரியாக அதே கோட்டில்தான் இருக்கிறது.

காலை 8:33
பெரியப்பா (திருச்சி): அப்படியென்றால் கூரை முகட்டின் பாரம் அதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அந்தச் சுவரில் வாசலுக்கு விட்ட திறப்பின் இரு ஓரங்களிலும் தூண் இருக்கும். அந்தத் தூணுக்கு நேர் கீழே பிளாக் அடுக்கு இருக்கும். திறப்பை அகலப்படுத்தினால் தூண் ஓரிடத்திலும் அடுக்கு வேறிடத்திலும் நிற்கும். இருக்கும் அடுக்கே புதைந்து கிடக்கும் நிலையில் இந்த ஆசை வேண்டாம், அம்மாடி.

காலை 8:40
அத்தான் (சான் ஹோசே): அனுமதி கேட்டு நகராட்சிக்குப் போகவும் முடியாது, மாமா. கலிபோர்னியாவில் இந்த வகை வீடுகளின் கட்டமைப்பை மாற்ற வேண்டுமானால், மாநில வீட்டுவசதித் துறையிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டைச் செய்யும் விதியே 1976 ஜூன் 15 முதல் மத்திய அரசின் கையில் இருக்கிறது. அதற்கான சிவப்புத் தகடு இரண்டு பாதிகளிலும் வெளிப்புறம் அடித்திருக்கிறது.

காலை 8:44
அப்பா: நிலநடுக்கம் வந்தால் இந்த பிளாக் அடுக்கு தாங்குமா?

காலை 8:51
அத்தான் (சான் ஹோசே): அது நியாயமான பயம்தான், மாமா. 1994இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நார்த்ரிட்ஜில் நடுங்கியபோது இத்தகைய வீடுகள் பலவும் பிளாக் அடுக்குகளிலிருந்து நழுவி விழுந்தன. எரிவாயுக் குழாய் அறுந்து சில இடங்களில் தீயும் பிடித்தது. நழுவாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தாங்கு அமைப்பு விற்கிறார்கள். மட்டம் பிடிக்கும்போதே அதையும் பொருத்த விலை கேட்டிருக்கிறேன்.

காலை 9:02
அக்கா (சான் ஹோசே): சரி, சுவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரும்பின்மேல் நிற்கும் இந்த வீடு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும் என்பதால் டைல்ஸில் விரிசல் விடும் என்று பக்கத்து வீட்டு அம்மாளும் சொன்னார். ஆகவே வினைல் பலகையே போதும். குளியல் தொட்டியையும் மாற்றலாம் என்று கடைக்குப் போனால் எல்லாம் 60 அங்குலத் தொட்டிகளாக இருக்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பது 54. அதை மட்டும் இந்த வகை வீடுகளுக்கென்றே விற்கும் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன்.

காலை 9:04
அம்மா: கிரானைட்?

காலை 9:05
அக்கா (சான் ஹோசே): அந்தப் பணம் குழாய்க்குப் போகிறது, அம்மா.

காலை 9:11
பெரியப்பா (திருச்சி): டியூபைப் பிடிக்கும் அன்று ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் ஒரு தாளில் குறித்து, ஆப்பு அடிப்பதற்கு முன் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். இங்கே நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை.